உண்டியலுக்கு முன்னால் ஒரு நோட்டு

மழை விட்டு இரண்டாம் நாள். அம்பத்தூர் ஓ.டி. பக்கம் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடையில் பெஞ்சு இன்னும் காயவில்லை. பேப்பரை விரித்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தேன். எங்கள் தெருப் பையன் ஒருவன் வந்து செல்போனை நீட்டினான். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் சி.என்.சி. மிஷின் ஓட்டுகிறான். நல்ல பையன், அவசரக்காரன்.

"சார், இத எல்லா குரூப்லயும் போடப்போறேன். ஒரு தடவ பாத்துடுங்க."

பார்த்தேன். மேலே சிவப்பு எழுத்தில் "அவசரம்", அதற்கு மூன்று ஆச்சரியக்குறி. நடுவில் ஏழெட்டு வயசுப் பெண்குழந்தை, பள்ளிச் சீருடையோடு முழங்கால் தண்ணீரில் நின்று அழுகிறது. கையில் ஊறி உப்பிப்போன ஒரு நோட்டு. கீழே அந்தப் பிள்ளையின் பெயர், அப்பா பெயர், படிக்கும் பள்ளி, "புழல் அகதி முகாம்" என்று முகவரி. எல்லாவற்றுக்கும் அடியில் இவனுடைய சொந்த கூகுள் பே கியூ.ஆர்.

அந்தப் பிள்ளையின் அப்பா இவனுக்கு நண்பர். பெயின்ட் வேலைக்குப் போகிறவர். கள்ளிக்குப்பம், சூரப்பட்டு வழியாகப் போனால் இங்கிருந்து அரை மணி நேரத்தில் புழல் காவாங்கரை வந்துவிடும். அங்கேதான் முகாம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அலை அலையாக 3 லட்சம் பேருக்கு மேல் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். பலர் திரும்பிப் போனார்கள், சிலர் வேறு தேசம் போனார்கள். 2021 கணக்குப்படி முகாம்களில் மட்டும் 58,000 பேருக்கு மேல் இருந்தார்கள். அந்தப் பெயின்டர் இங்கேதான் பிறந்தவர். அவர் பெண்ணும் இங்கேதான் பிறந்தாள். மழையில் அவர் வீட்டிலும் அக்கம்பக்கத்து இரண்டு வீடுகளிலும் தண்ணீர் புகுந்துவிட்டது.

"உக்காரு. டீ சொல்லு" என்றேன். "இதப் போட்டா காசு வரும், அதுல சந்தேகமில்ல. வந்தப்புறம் என்ன பண்ணுவே?"

"குடுத்துடுவேன் சார்."

"யாருக்கு, எவ்ளோ, எதுக்கு?"

அவன் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முப்பது வருஷம் அடுத்தவன் கணக்கை எழுதிப் பிழைத்தவன் நான். எங்கள் நகர் நலச்சங்கத்துக்குப் பொருளாளர் என்ற தலைவலியும் உண்டு. வசூல் என்றாலே எனக்கு முதலில் கண்ணுக்குத் தெரிவது நோட்டின் கோடுகள்தான். இரக்கமில்லாதவன் என்று வீட்டில் பெயர். ஆனால் அந்தக் கோடுகள் இல்லாததால் நின்றுபோன உதவிகளை நிறையப் பார்த்தாயிற்று. அவனுக்கு ஒரு பெரிய இடத்துக் கதையைச் சொன்னேன்.

1971. கிழக்கு பாகிஸ்தானிலிருந்து ஒரு கோடிப் பேர் வரை இந்தியாவுக்குள் வந்துகொண்டிருந்த நேரம். சிதார் வித்வான் ரவிசங்கர், பீட்டில்ஸ் குழுவில் இருந்த தன் நண்பர் ஜார்ஜ் ஹாரிசனிடம் ஏதாவது செய்ய வேண்டும் என்று கேட்க, ஆகஸ்ட் 1ஆம் தேதி நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஒரே நாளில் இரண்டு கச்சேரி. டிக்கெட் வசூல் 2,43,418 டாலர் 50 சென்ட் யுனிசெஃபுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் பெரிய பணம் அதுவல்ல. இசைத்தட்டிலும் படத்திலும் வந்ததுதான் பெரிய பணம். கச்சேரிக்கு முன்பே ஒரு தொண்டு அமைப்போடு முறையாகக் காகிதம் போட்டுக்கொள்ளாததால், இது தர்மப் பணமா வியாபாரப் பணமா என்று அமெரிக்க வருமான வரித்துறை பிடித்துக்கொண்டது. சுமார் பத்து வருஷம் அந்தப் பணத்தில் பெரும்பகுதி முடங்கிக் கிடந்தது. பசித்த குழந்தை பத்து வருஷம் காத்திருக்குமா? அதற்குள் அந்தக் குழந்தைக்குக் கல்யாண வயசே நெருங்கியிருக்கும்.

"அவங்க பீட்டில்ஸ் சார், நான் யாரு?"

"அதத்தான் சொல்றேன். அவங்களுக்கே அந்த கதி."

அதே 1971இல் நம் அரசாங்கம் செய்ததையும் சொன்னேன். நவம்பர் 15 முதல் தபாலுக்கு அகதிகள் நிவாரணத்துக்கென்று 5 பைசா கூடுதல். அதற்கென்றே தபால்தலையில் முத்திரை அடித்து விற்றார்கள், பிறகு தனித் தபால்தலையே வந்தது. 1973 மார்ச் வரை ஓடியது. அப்பாவின் தகரப் பெட்டியில் அப்படி ஒரு கவர் இன்னும் இருக்கிறது. அழும் படம் எதையும் காட்ட வேண்டியிருக்கவில்லை. கவர் போட்டவன் எல்லாம் 5 பைசா கொடுத்தான், அது போக வேண்டிய வழி ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. இன்னும் முந்திப் போனால், பிரதமரின் தேசிய நிவாரண நிதி என்று இன்று வெள்ளத்துக்கும் புயலுக்கும் எல்லோரும் அனுப்புகிறோமே, அதுவே 1948 ஜனவரியில் நேரு விடுத்த வேண்டுகோளின்பேரில், பாகிஸ்தானிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களுக்காகத் தொடங்கியதுதான்.

இனி அவன் கியூ.ஆர். விஷயம். இது கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டியது, இன்னொரு டீ சொன்னோம்.

உன் சொந்த சேமிப்புக் கணக்கில் ஊர்ப்பணம் விழுந்தால் முதல் சிக்கல் உனக்கே. அதில் உன் சம்பளம் இருக்கிறது, பைக் தவணை போகிறது, அக்கா அனுப்பிய பணம் இருக்கிறது. பத்து நாள் கழித்து யாராவது "எவ்வளவு வந்தது" என்று கேட்டால் ஸ்டேட்மென்ட்டை நீட்ட உனக்கே கூச்சமாக இருக்கும். இரண்டாவது, வருமான வரி. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் அன்பளிப்பாக வரும் பணம் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய மிச்சம் மட்டுமல்ல, முழுத்தொகையும் வருமானம். இது எனக்கல்ல, இன்னாருக்காக வாங்கி இன்னாருக்குக் கொடுத்தேன் என்று சொல்லலாம். சொன்னால் போதாது, காட்ட வேண்டும். காட்டுவதற்குத்தான் நோட்டு. வாங்குகிற குடும்பத்துக்கும் இதே வரம்பு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பதிவுபெற்ற அறக்கட்டளை வழியாகப் போகும் பணத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஆகவே ஒன்று, தனிக் கணக்கு. இல்லையென்றால் ஏற்கெனவே கணக்கு வைத்திருப்பவர்களின் தோளில் ஏறிக்கொள்வது. நம் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. திருவேற்காட்டில் உதவும் கரங்கள் 1983இலிருந்து இருக்கிறது. திருநின்றவூரை அடுத்த கசுவாவில் சேவாலயா 1988இலிருந்து. முகாம் மக்களுக்கென்றால், அகதிகளாக வந்தவர்களே 1984இல் கட்டிய அமைப்பு ஒன்று உண்டு: ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம். இலங்கைத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன் சந்திரகாசன் தொடங்கியது. முகாமுக்குள் யார் யாருக்கு என்ன தேவை என்று வெளியாட்களான நமக்குத் தெரிவதைவிட அவர்களுக்கு நூறு மடங்கு தெரியும். அதோடு முகாம் என்பது திறந்த தெரு அல்ல, உள்ளே போய் எதையாவது விநியோகிக்க அதிகாரிகளின் அனுமதி வேண்டும். வேனில் சாமான் ஏற்றிக்கொண்டு போய் வாசலில் நின்று விழித்தவர்களை எனக்குத் தெரியும்.

நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு பெற 80ஜி ரசீது கேட்பார்கள், அதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன்: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது, அரிசியாகவும் துணியாகவும் கொடுத்தாலும் கிடையாது, புதிய வரி முறையில் இருப்பவருக்கு எதற்குமே கிடையாது. இதற்காகக் கொடுக்கிறவர்கள் நம் தெருவில் மூன்று பேர்தான், அவர்களும் கொடுக்க மாட்டார்கள்.

பையன் குரலைத் தாழ்த்தி, "சார், டொரண்டோல அவரோட அண்ணன் இருக்காரு. அங்க அவங்க ஃப்ரெண்ட்ஸ்லாம் சேர்ந்து ஆயிரம் டாலர் என் அக்கவுன்ட்டுக்கு அனுப்பறேன்னாரு" என்றான்.

கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன்.

"வேணாம். அத மட்டும் வாங்கிடாத."

வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010 என்று ஒன்று இருக்கிறது. வெளிநாட்டவரிடமிருந்து சமூகப் பணிக்கென்று பணம் வாங்க உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020இல் அதை இன்னும் இறுக்கினார்கள்: பதிவு பெற்றவர்களும் டெல்லியில் ஸ்டேட் பாங்கின் ஒரே ஒரு கிளையில் திறந்த கணக்கில்தான் முதலில் வாங்க வேண்டும், வாங்கியதை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றக் கூடாது, நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இதில் நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. துபாயில் வேலை பார்க்கும் ஆவடிக்காரர் இந்தியப் பாஸ்போர்ட்டோடு இருந்து, தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. டொரண்டோவில் கனடாப் பாஸ்போர்ட் வாங்கிவிட்டவர், பேச்சில் யாழ்ப்பாணமோ பூந்தமல்லியோ மணத்தாலும், சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். சொந்த அண்ணன் சொந்தத் தம்பிக்கு நேரே அனுப்பலாம். அதற்குத் தடை இல்லை, வருஷத்துக்கு 10 லட்சத்தைத் தாண்டினால்தான் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அண்ணனின் நண்பர்கள் கூடிச் சேர்த்து அம்பத்தூர்ப் பையன் கணக்குக்கு அனுப்புவது வேறு கதை. "அண்ணன் காசு தம்பிக்கே போகட்டும். உன் நோட்டுல அது வரவே வேணாம்" என்றேன்.

இந்தச் சட்டம் நியாயமா என்று கேட்டால், எனக்கு மனத்தாங்கல் உண்டு. இறுக்கிய கை கள்ளனைப் பிடிக்கிறதோ இல்லையோ, சின்ன அமைப்புகளின் மூச்சைப் பிடித்திருக்கிறது. ஆனால் என் மனத்தாங்கல் அந்தப் பையனை நோட்டீஸிலிருந்து காப்பாற்றாது.

வழி இல்லாமல் பொருள் மட்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2007இல் போரில் சிக்கிய யாழ்ப்பாணத்து மக்களுக்காகப் பழ. நெடுமாறன் ஊர் ஊராக உணவும் மருந்தும் திரட்டினார். அனுப்ப மத்திய அரசின் அனுமதி வரவில்லை. படகில் தாமே கொண்டுபோகக் கிளம்பியபோது தடுக்கப்பட்டு, உண்ணாவிரதம் இருந்தார். 2022இல் இலங்கையில் பால்மாவுக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்ற காலம், தனுஷ்கோடி மணல்திட்டுகளில் கைக்குழந்தைகளோடு மறுபடி ஆட்கள் வந்து இறங்கினார்கள். முதல்வர் ஸ்டாலின் மார்ச் 31ஆம் தேதி டெல்லியில் பிரதமரிடம் உதவிப் பொருள் அனுப்ப அனுமதி கேட்டார், ஏப்ரல் 29 சட்டமன்றத் தீர்மானம், அதன் பின் மத்திய அரசின் சம்மதம், மக்களிடம் நன்கொடை வேண்டுகோள், மே 18 சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல் கப்பல்: 9,000 டன் அரிசி, 200 டன் பால் பவுடர், 24 டன் மருந்து. ஒரு மாநில அரசாங்கத்துக்கே, பணமும் மனசும் இருந்தும், ஏழு வாரம். அந்த ஏழு வாரத்தை நான் குறையாகச் சொல்லவில்லை, சட்டத்தின் பாதை அவ்வளவு நீளம்.

அடுத்தது அந்தப் படம். இதில் எனக்கும் அவனுக்கும் வாக்குவாதமே வந்துவிட்டது.

"படம் இல்லன்னா யாரும் போட மாட்டாங்க சார்."

உண்மைதான். படம் இருந்தால் நாலு மடங்கு வரலாம். ஆனால் அந்தப் பெண் மூன்றாவது படிக்கிறாள். அவள் வகுப்பில் நாற்பது பிள்ளைகள், நாற்பது அம்மாக்கள், ஒரு வாட்ஸ்அப் குரூப். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கும். சிறார் நீதிச் சட்டம் 2015இன் 74ஆவது பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், படம், பள்ளி, முகவரி எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம். தாய் தகப்பன் இருக்கும் இந்தப் பிள்ளைக்கு அந்தப் பிரிவு பொருந்துமா என்று வக்கீல்கள் பேசிக்கொள்ளட்டும். நான் கேட்டது ஒன்றுதான்: "உன் அக்கா பொண்ணு படத்த இப்படிப் போடுவியா?"

படம் எங்கெல்லாம் போகும் என்பதை 2021 மே மாதத்தில் பார்த்தோம். கொரோனாவில் பெற்றோர் இருவரும் இறந்துவிட்டார்கள், பச்சைக் குழந்தை அனாதையாக நிற்கிறது, தத்தெடுக்க இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள் என்று செய்திகள் சுற்றின. நல்ல மனசோடு அனுப்பியவர்கள் பலர். தத்து அப்படி நடக்காது, பிள்ளை கடத்துகிறவனுக்கு இது வழிகாட்டிப் பலகை என்று அரசாங்கமே எச்சரிக்க வேண்டியதாயிற்று. ஆதரவில்லாமல் ஒரு பிள்ளை நின்றால் கூப்பிட வேண்டியது 1098. பிறகு குழந்தைகள் நலக் குழு பார்த்துக்கொள்ளும். அந்த மாதமே தமிழ்நாடு அரசு, கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளின் பெயரில் தலா 5 லட்சம் வைப்புத்தொகை என்று அறிவித்தது. அதற்கு எந்தக் குழந்தையின் முகமும் போஸ்டரில் வரவில்லை.

"அகதி" என்ற சொல்லையும் அடிக்கச் சொன்னேன். 2021 ஆகஸ்டில் 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தபோதே முகாம்களின் பெயர் "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" என்று மாறிவிட்டது. பெயர் மாறினால் கூரை ஒழுகாமல் இருக்குமா என்று கேட்பார்கள். 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவதும் அதே அறிவிப்பில்தான் இருந்தது.

மூன்றாவது, சாமான். இங்கே நானே செய்த தப்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி திறந்து அடையாறு ஊரை வாரிக்கொண்டு போனபோது, எங்கள் சங்கத்தில் நான்தான் "பழைய துணி இருந்தால் கொடுங்கள்" என்று போர்டு எழுதி வைத்தேன். இரண்டு நாளில் பிள்ளையார் கோயில் மண்டபம் நிறைந்துவிட்டது. பிரித்துப் பார்த்தோம். சரிகை போன பட்டு ரவிக்கை. இடது கால் மட்டும் உள்ள பள்ளி ஷூ. கோட் சூட். ஜிப் போன பேன்ட் இருபது. வாங்கிக்கொள்ள ஆளில்லை, மறுபடி மழை வந்தது, எல்லாம் நனைந்து நாறியது. கடைசியில் வண்டி வைத்து அப்புறப்படுத்த சங்கக் காசில் 1,800 ரூபாய் செலவு. 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் சாலையோரத்தில் மலை மலையாகக் கிடந்த பழந்துணியை டிவியில் பார்த்து நானே திட்டியவன். பதினோரு வருஷத்தில் மறந்துவிட்டது.

அதனால்தான் அவனிடம், "அவங்களயே கேளு, என்ன வேணும்னு" என்றேன். அங்கேயே போன் போட்டான், ஸ்பீக்கரில்.

பெயின்டருக்குப் பேசவே தயக்கம். "ஒண்டும் வேண்டாம் தம்பி, சமாளிச்சிடுவம்" என்றார். இங்கேயே பிறந்தவர்தான், வீட்டுப் பேச்சு இன்னும் மாறவில்லை. பின்னாலிருந்து அவர் மனைவி போனை வாங்கினார். அரிசி வேண்டாமாம், ரேஷனில் வருகிறது. துணி வேண்டாமாம். தையல் மிஷினின் மோட்டார் தண்ணீரில் நின்றுவிட்டது, அதுதான் முதல். ஜாக்கெட் தைத்துக் கொடுக்க ஒத்துக்கொண்ட துணிகள் அப்படியே கிடக்கின்றன. பக்கத்து வீட்டில் கேஸ் அடுப்பு, அதற்கடுத்த வீட்டில் காலேஜ் போகும் பையனின் பாடப் புத்தகங்களும் சான்றிதழும். மூன்று வீட்டுக்கும் மெத்தை. ஆண்களுக்குப் பத்து நாள் கூலி போயிற்று. சான்றிதழுக்கு நகல் விண்ணப்பம் போட வேண்டும், அதற்குக் காசைவிட அலைச்சல் அதிகம், கூட வர ஆள் வேண்டும்.

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து மூளையைக் கசக்கியிருந்தாலும் தையல் மிஷின் மோட்டார் நினைவுக்கு வந்திருக்காது. பிரெட் பாக்கெட்டில் ஆரம்பித்திருப்போம்.

கடைக்காரர் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்த நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தார், கடன் கணக்கு எழுத வாங்கியது. அதில் கோடு போட்டேன்: தேதி, பெயர், யு.பி.ஐ. எண்ணின் கடைசி நான்கு இலக்கம், வரவு. எதிர்ப் பக்கம் செலவு, ரசீது எண், வாங்கியவர் கையெழுத்து. மேலே ஒரு தொகை: 46,500. அது வந்ததும் வசூல் நிற்கும். ஒரு தேதி: அடுத்த ஞாயிறு, வந்தாலும் வராவிட்டாலும் அன்றோடு நிற்கும். வங்கிக் கணக்கு எங்கள் சங்கத்தினுடையது. செயலாளரிடம் போனில் சம்மதம் வாங்கினேன், அவர் இரண்டு நிமிஷம் திட்டிவிட்டுச் சரி என்றார்.

போஸ்டர் மறுபடி தயாரானது. படத்துக்குப் பதில் பட்டியல்: மோட்டார் 3,200, அடுப்பு 2,600 என்று வரிசையாக. "புழலில் மூன்று குடும்பங்கள்" என்பதோடு சரி. பையனுக்கு முகம் தொங்கிப்போயிற்று, "ரேஷன் லிஸ்ட் மாதிரி இருக்கு சார்" என்றான்.

முதல் நாள் 2,300தான் வந்தது. அவன் என்னைப் பார்த்த பார்வையில் குற்றச்சாட்டு இருந்தது. இரண்டாம் நாள் எஸ்டேட்டில் அவன் ஷிஃப்ட் ஆட்கள் அடுப்பு முழுசையும் எடுத்துக்கொண்டார்கள். மேனாம்பேட்டில் தையல்கடை வைத்திருக்கும் ஒரு அம்மா மோட்டாரைத் தானே வாங்கித் தருவதாகச் சொல்லி, ஆளை அனுப்பிப் பொருத்தியும் கொடுத்தார். அதனால் செலவில் 3,200 குறைந்தது. பட்டியல் இருந்ததால்தான் அவருக்கு அது கண்ணில் பட்டது என்று நான் அவனிடம் சொல்லிக்காட்டாமல் இருக்க மிகவும் கஷ்டப்பட்டேன். மெத்தை நாங்கள் வாங்கவில்லை. மெத்தைக்கும் கூலிக்குமான பணத்தைக் குடும்பத்துப் பெண்கள் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கினோம். ஒரு வீட்டில் மெத்தைக்குப் பதிலாக அடகில் இருந்த தோட்டை மீட்டார்கள். சங்கத்தில் ஒருவர் அதற்கு முணுமுணுத்தார். மெத்தைக்கு என்று கொடுத்தால் மெத்தைதான் வாங்க வேண்டுமா? அவர் வீட்டில் தீபாவளி போனஸை எதற்குச் செலவழித்தார் என்று யாரும் கேட்கவில்லையே.

சான்றிதழ் நகலுக்கு மட்டும் மூன்று முறை அலைய வேண்டியிருந்தது. பையன் இரண்டு முறை லீவு போட்டுக் கூடப் போனான். அதற்கு நோட்டில் கட்டம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கணக்கு முடித்தோம். வரவு 44,040, செலவு 43,300, மீதி 740. நோட்டின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து, குடும்பங்களின் பெயர் உள்ள பகுதியைக் கட்டைவிரலால் மறைத்து, குரூப்பில் போட்டான். அதுவரை பேசாதிருந்தவர்கள் எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள், அந்த 740ஐ என்ன செய்வது என்று. கோயிலில் அன்னதானம் என்றார் ஒருவர். பூனைகளுக்கு என்றார் இன்னொருவர். முதலமைச்சர் நிவாரண நிதிக்கு அனுப்பலாமே என்றார் முணுமுணுத்தவர். கொடுத்தவர்களில் பாதிப் பேர் சொல்லாமல் முடிவெடுக்க முடியாது என்று நான் பிடிவாதமாக இருந்துவிட்டேன். இன்று வரை சங்கக் கணக்கில் "புழல் – நிலுவை" என்று ஒரு வரி இருக்கிறது. ஆடிட்டர் ஒவ்வொரு வருஷமும் அதை வட்டம் போட்டு, இது என்ன என்று கேட்கிறார்.